தண்ணீருக்குள் போய்த் திரும்பிய வெளிச்சம்



கடல்நீர் நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? “ஒரு பாட்டிலில் மொண்டுவந்து சோதனைக்கூடத்தில் கொடுப்போம்” என்பீர்கள். சரியான பதில்தான். உப்பு எவ்வளவு, கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு, நோய்க்கிருமி இருக்கிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு பாட்டில் தண்ணீர் சொல்லிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பழவேற்காட்டில் தொடங்கும் தமிழ்நாட்டின் கடற்கரை, கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு நீரோடி வரை 1000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. காசிமேட்டில் காலை 8 மணிக்கு எடுத்த தண்ணீர், காசிமேட்டின் காலை 8 மணியைப் பற்றி மட்டும்தான் பேசும். பத்து மணிக்குள் நீரோட்டம் அந்தத் தண்ணீரை எங்கேயோ தள்ளிக்கொண்டு போயிருக்கும். அப்படியிருக்க, இவ்வளவு நீளக் கரையில் தினமும் யார் பாட்டிலோடு ஓடுவது?

அதற்காகத்தான் 700 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் சில செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை கடல்நீரை ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. ஆனாலும் இங்கே பாசி பெருகியிருக்கிறது, அங்கே ஆறு சேற்றைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது என்று சொல்கின்றன. இது எப்படி முடிகிறது? சூரிய வெளிச்சத்தில் ஒரு பகுதி கடலுக்குள் இறங்கி, அங்கே இருப்பவற்றின் மேல் பட்டு, மறுபடி வெளியே வருகிறது. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பதை அந்த வெளிச்சம் ‘பார்த்துவிட்டு’ வருகிறது. அதைப் பிடித்துப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்ப்போமா?

ராமன் கப்பலில் செய்த சோதனை

கடல் ஏன் நீலமாக இருக்கிறது? “வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிகிறது” என்று பலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் ரேலி என்ற பெரிய இங்கிலாந்து இயற்பியலாளரும் அப்படித்தான் நினைத்தார்.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1921-ல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போனார். வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. அது வெறும் வானத்தின் பிரதிபலிப்புதானா என்ற சந்தேகமும் வந்தது. ‘நார்குண்டா’ என்ற கப்பலில் ஊர் திரும்பும்போது, மேல்தளத்தில் நின்று ஒரு நிக்கோல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் வான வெளிச்சத்தை, சரியான கோணத்தில் பிடித்தால் அந்தப் பட்டகம் தடுத்துவிடும். வான வெளிச்சம் போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. முன்பைவிட அழகான நீலமாகத் தெரிந்தது!

அப்படியென்றால் அந்த நிறம் தண்ணீருக்குள்ளிருந்துதான் வருகிறது. நீர் மூலக்கூறுகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நீலம் வருகிறது என்று ராமன் விளக்கினார். அந்த ஆண்டே ‘நேச்சர்’ இதழில் அதை எழுதினார். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதும் கடல் நீலமாக இருக்க ஒரு பெரிய காரணம் என்பது இன்று நமக்குத் தெரியும். சிவப்பு வெளிச்சம் சில மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். நீலமோ தெளிந்த கடலில் வெகு ஆழம் வரை போகும். அதனால்தான் ஆழத்தில் முக்குளிப்பவர்களுக்குச் சிவப்பு மீன்கூடப் பழுப்பாகவோ கருப்பாகவோ தெரிகிறது.

ராமன் செய்ததில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. தண்ணீரின் மேலே பட்டுத் தெறித்த வெளிச்சம் வேறு, தண்ணீருக்குள் போய்த் திரும்பிய வெளிச்சம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் கடலைப் பற்றி எதையாவது தெரிந்துகொள்ள முடியும். இன்றைய செயற்கைக்கோள்களும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

தண்ணீருக்கு நிறம் கொடுக்கும் மூவர்

சுத்தமான ஆழ்கடல் நீலம். கரையோரம் பச்சை, பழுப்பு, சாம்பல் என்று பல நிறங்கள். அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, நுண்பாசிகள். தாவர மிதவை உயிரிகள் என்றும் சொல்வார்கள். பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. செடிகளைப் போலவே இவற்றிலும் பச்சையம் இருக்கிறது. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சும், பச்சையை விட்டுவிடும். ஆகவே நுண்பாசி பெருகப் பெருகக் கடல் பச்சையாகிறது.

இரண்டாவது, வண்டல். ஆறு கொண்டுவந்த களிமண்ணும், அலை கிளறிவிட்ட சேறும் வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். சிவப்பையும் சேர்த்து அனுப்பும். அதனால் கலங்கல் தண்ணீர் மேலிருந்து பார்க்கும்போது பளிச்சென்று பழுப்பாகத் தெரியும்.

மூன்றாவது, இலைதழைகள் அழுகி அவற்றிலிருந்து கரைந்துவரும் மஞ்சள் நிறச் சாறு. சதுப்புநிலங்களும் அலையாத்திக் காடுகளும் உள்ள கழிமுகங்களில் இது அதிகம். இதுவும் நீல ஒளியை உறிஞ்சும். அதனால் நுண்பாசி என்று நம்மை ஏமாற்றிவிடும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் எதையும் போடவேண்டாம். இரண்டாவதில் சிறிது களிமண்ணைக் கரையுங்கள். மூன்றாவதில் முருங்கைக்கீரையை அரைத்து வடிகட்டிய சாற்றை ஊற்றுங்கள். மூன்றையும் ஒரு கருப்புத் துணியின் மேல் வையுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து பாருங்கள். முதல் டம்ளர் இருண்டு கிடக்கும், அதில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப ஆளில்லை. களிமண் தண்ணீர் பழுப்பாக ஒளிரும். கீரைத் தண்ணீர் பச்சையாகத் தெரியும்.

இனி ஒரு சிவப்புக் கண்ணாடித் தாளை டார்ச்சின் முகத்தில் ஒட்டிவிட்டுப் பாருங்கள். களிமண் தண்ணீர் அப்போதும் பளிச்சென்று இருக்கும். கீரைத் தண்ணீர் மட்டும் கருத்துப்போகும். பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டது! சேற்றையும் பாசியையும் ஒரே ஒரு சிவப்புத் தாளை வைத்துப் பிரித்துவிட்டீர்கள். செயற்கைக்கோள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

வானத்தில் இருக்கும் கண்

கைபேசி கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களை மட்டும் பதிவு செய்கிறது. கடலைப் பார்க்கும் கேமராவுக்கு அது போதாது. இந்தியாவின் முதல் கடல் நிறக் கேமரா எட்டு அலைநீளப் பட்டைகளில் பார்த்தது. அவற்றில் 443 நானோமீட்டர் என்பது பச்சையம் மிகவும் விரும்பி உறிஞ்சும் நீலம். 555 நானோமீட்டர் என்பது பச்சையம் பெரும்பாலும் தொடாத பச்சை. இரண்டிலும் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்று அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பார்கள். பச்சையோடு ஒப்பிடும்போது நீலம் குறையக் குறைய, நுண்பாசி அதிகம் என்று பொருள். இப்படி, 1000 லிட்டர் கடல்நீரில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு பச்சையம் இருந்தால்கூடக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதில் ஒரு பெரிய தடை இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு வந்து சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கடலைத் தொட்டதே இல்லை. காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி அப்படியே மேலே போன வெளிச்சம் அது. கடலுக்குள் போய்த் திரும்பிய வெளிச்சத்தின் பங்கு பத்து சதவீதம் இருந்தாலே பெரிது.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கும் நண்பன் பேசுவதை எப்படிக் கேட்கிறீர்கள்? ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மூளை அதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கேட்கிறது. விஞ்ஞானிகளும் காற்றின் ‘பாட்டை’ முதலில் தெரிந்துகொள்கிறார்கள். அதற்கு அகச்சிவப்பு ஒளி உதவுகிறது. தெளிந்த கடல்நீர் அகச்சிவப்பு ஒளியை முழுவதும் விழுங்கிவிடும். ஆகவே அந்த அலைநீளத்தில் வரும் வெளிச்சம் எல்லாமே காற்றிலிருந்து வந்ததுதான். அதை வைத்து மற்ற நிறங்களிலும் காற்றின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்துவிடுகிறார்கள். எஞ்சியது கடலின் வெளிச்சம்.

வெயில் நேரத்தில் கடல் தகதகவென்று கண்ணைக் கூசவைக்குமே, அந்தப் பளபளப்பும் ஒரு தடைதான். ராமன் பட்டகத்தால் அதைத் தடுத்தார். இந்தியக் கேமரா தன் பார்வையை முன்னும் பின்னும் 20 டிகிரி வரை சாய்த்து, பளபளப்பு விழாத திசையிலிருந்து பார்க்கிறது.

கரையோரத்தில்தான் உண்மையான சோதனை காத்திருக்கிறது. கலங்கல் தண்ணீர் அகச்சிவப்பையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அப்போது ‘கடலிலிருந்து அகச்சிவப்பு வராது’ என்ற விதி உடைந்துபோகும். தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளில் தண்ணீர் மிகவும் ஆழம் குறைந்தது. அங்கே அடியிலுள்ள மணலே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் அதைப் பார்த்துக் கலங்கல் என்று தப்பாக நினைத்துவிடலாம். நடுக்கடலுக்கு ஒரு கணக்கு, கரைக்கு வேறொரு கணக்கு என்று வைத்துக்கொள்ளவேண்டியிருப்பது இதனால்தான்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியவை

கடலின் நிறத்தைப் பார்ப்பதற்கென்றே உருவான முதல் கருவி 1978-ல் அமெரிக்காவின் ‘நிம்பஸ்-7’ செயற்கைக்கோளில் ஏறிப் போனது. அது 1986 வரை வேலை செய்தது.

இந்தியாவின் ‘ஓஷன்சாட்-1’ 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கிளம்பியது. அந்த ஏவுதளத்தை அடுத்துத்தான் பழவேற்காடு ஏரி விரிந்துகிடக்கிறது. 2009-ல் ‘ஓஷன்சாட்-2’ போனது. 2022 நவம்பர் 26 அன்று ‘ஓஷன்சாட்-3’ போனது. அதிலுள்ள கேமரா 13 பட்டைகளில் பார்க்கிறது. கடல்பரப்பின் வெப்பநிலையை அளக்கும் கருவியும் அதில் இருக்கிறது.

ஓஷன்சாட் ஒரே பார்வையில் 1400 கிலோமீட்டர் அகலத்தைப் பார்த்துவிடும். முதல் இரண்டு ஓஷன்சாட்களின் படங்களில் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 360 மீட்டர் அகலம். வங்காள விரிகுடாவைப் பார்க்க அது போதும். ஒரு சிறிய கழிமுகமோ அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். கரையை நெருங்கிப் பார்க்க ஐரோப்பாவின் ‘சென்டினல்-2’ செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. அவற்றின் புள்ளி 10 மீட்டர்தான். ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கும் இடத்தில் பழுப்பு எங்கே முடிகிறது, பச்சை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டாற்போலத் தெரியும்.

இந்தத் தகவல்களை வைத்து ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக ‘இன்காய்ஸ்’, பல அறிவிப்புகளைத் தருகிறது. நுண்பாசியும் வெப்பநிலையும் மாறும் எல்லைகளில் மீன்கள் கூடும் என்பதால், மீன் கிடைக்கக்கூடிய இடங்களை மீனவர்களுக்குச் சொல்கிறது. பாசி அளவுக்கு மீறிப் பெருகும் இடங்களையும் கண்காணிக்கிறது. அப்படி அடிக்கடி பெருக்கம் வரும் பகுதிகளில் ஒன்று நம் மன்னார் வளைகுடா.

பாம்பன் கடல் பச்சையானபோது

2019 ஆகஸ்டில் ஓர் இரவு, சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தார்கள். ஒளிர்ந்தது நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரி. பெரியது ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இருக்கும். அலை அதைக் குலுக்கும்போது நீல ஒளி விடும்.

அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பகுதியில், கடல் பச்சையானது. அதே நாக்டிலூகாதான். மீனவர்கள் இந்தப் பச்சைப் படர்வைப் பூங்கோரை என்பார்கள். இந்தியப் பெருங்கடல் பகுதியில் வாழும் பச்சை நாக்டிலூகாவின் உடலுக்குள் மிகச் சிறிய பச்சைப் பாசிகள் குடியிருக்கின்றன. அவற்றின் பச்சையம்தான் தண்ணீரைப் பச்சையாக்குகிறது. செயற்கைக்கோளின் கண்ணில் படுவதும் அந்தப் பச்சையம்தான்.

பச்சை நல்ல நிறம்தானே, இதில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா? கோடிக்கணக்கான உயிரிகள் ஒரே சமயத்தில் பெருகி, ஒரே சமயத்தில் சாகும்போது, அவற்றைத் தின்று மட்கவைக்கப் பாக்டீரியாக்கள் வரும். பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அந்தச் சமயம் மன்னார் வளைகுடாவின் சிங்கிள் தீவைச் சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. அவ்வளவு குறைந்தால் பெரும்பாலான மீன்களால் தாக்குப்பிடிக்க முடியாது. மீன்கள் செத்து மிதந்தன. தப்பித்து ஓட முடியாத பவளங்களும் செத்தன. வேகமாக வளரும் மான்கொம்புப் பவளங்கள் அதிகம் அடிபட்டன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முக்குளித்துப் போய் இதைப் பதிவு செய்தார்கள்.

இங்கே இரண்டு கண்கள் வேலை செய்வதைப் பாருங்கள். பச்சை எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று முழுதாகக் காட்ட வானத்திலிருந்து பார்க்கும் கண் வேண்டும். அந்தப் பச்சைக்கு அடியில் பவளம் செத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தண்ணீருக்குள் இறங்கிய மனிதக் கண்தான் சொல்ல முடியும்.

வேம்பநாட்டு ஏரியும் மாணவர்களும்

கேரளத்தில் கொச்சியிலிருந்து ஆலப்புழை வரை நீண்டிருக்கிறது வேம்பநாட்டு ஏரி. கடலோடு கலக்கும் பெரிய காயல் அது. சுற்றுலாப் படகுகள், ஆலைகள், ஊர்க்கழிவு என எல்லாச் சுமையையும் சுமக்கிறது. 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது. படகுகள் நின்றன, ஆலைகள் மூடின. ஏரி என்ன ஆனது என்று பார்க்க யாரும் வெளியே போக முடியாத நேரம் அது.

ஆராய்ச்சியாளர்கள் ‘லேண்ட்சாட்-8’ செயற்கைக்கோள் எடுத்த படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஊரடங்குக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். தண்ணீரில் மிதக்கும் துகள்கள் சராசரியாக ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்திருந்தன. நாம் தொந்தரவு செய்யாமல் விட்டால் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் தெளியத் தொடங்குகிறது என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி.

அதே ஏரியில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் பணியாற்றும் சுபா சத்தியேந்திரநாத், கடல் நிற ஆராய்ச்சியில் உலகம் அறிந்த விஞ்ஞானி. அவரும் இந்திய விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்திய திட்டத்தில், மாணவர்களும் பொதுமக்களும் ஒரு சிறிய வட்டத்தட்டை ஏரியில் இறக்கி, தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அளந்தார்கள். 21 நிறங்கள் கொண்ட ஓர் அட்டவணையோடு தண்ணீரின் நிறத்தையும் ஒப்பிட்டுக் குறித்தார்கள். அந்த எண்களை வைத்து, செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று பார்க்க முடிந்தது.

செயற்கைக்கோள் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாதா? கூடாது. கண்ணாடியில் தூசி படியலாம், கருவிக்கு வயதாகலாம், கணக்கு பிசகலாம். ஆகவே உலகம் முழுவதும் கடலில் மிதவைகளை நிறுத்தி, கீழேயிருந்து அளந்து, மேலேயிருந்து வரும் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். ஹவாய்த் தீவுகளுக்கு அருகே ஒரு மிதவை 1997 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. இந்தியா அதற்காகத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று லட்சத்தீவின் கவரத்தி. அங்கே கடல் அவ்வளவு தெளிவு. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் பல இடங்களில் கடல்நீரை மொண்டு பரிசோதித்துவருகிறது. நாம் முதலில் சொன்ன பாட்டிலுக்கு இன்னும் வேலை இருக்கிறது!

எண்ணெய்க்கு வேறு கண்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் எண்ணெய் கசிந்தது. கரையில் கெட்டியாக ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மீனவர்களும் மாணவர்களும் தொழிலாளர்களும் வாளிகளில் அள்ளியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எண்ணெயைக் கண்டுபிடிக்க ராடார் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. இவை சூரிய வெளிச்சத்தை நம்பியிருப்பதில்லை. தாங்களே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். அதனால் இரவிலும் பார்க்கும், மேகத்தை ஊடுருவியும் பார்க்கும். காற்றடிக்கும்போது கடல்பரப்பில் சின்னச் சின்னச் சிற்றலைகள் எழும். அவை ராடார் அலைகளைத் திருப்பி அனுப்புவதால் கடல் படத்தில் வெளிறித் தெரியும். எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடும். அங்கே பட்ட ராடார் அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடுவதால் அந்த இடம் கருப்பாக விழும். காற்றே இல்லாத இடமும் கருப்பாகத் தெரியலாம் என்பதால், அதையும் ஒருவர் நேரில் போய் உறுதிசெய்ய வேண்டும்.

செயற்கைக்கோளால் முடியாதவை

செயற்கைக்கோளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதுதான் ஆறுகள் அதிகச் சேற்றையும் குப்பையையும் கடலுக்குக் கொண்டுவருகின்றன. ஆனால் அப்போதுதான் வானம் முழுக்க மேகம்! கடல் நிறக் கேமராவால் மேகத்துக்குக் கீழே எதையும் பார்க்க முடியாது.

சாக்கடையில் வரும் நோய்க்கிருமிகளுக்குத் தனி நிறம் கிடையாது. பாதரசம், ஈயம் போன்ற கன உலோகங்கள் தண்ணீரில் கரைந்திருந்தாலும் நிறம் மாறாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரும் குளிக்கத் தகாததாக இருக்கலாம். மேலும், வெளிச்சம் எவ்வளவு ஆழம் போய்த் திரும்புகிறதோ அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கலங்கிய கரையில் அது ஒரு மீட்டரைக்கூடத் தாண்டாது.

ஆனால் தண்ணீரில் பாசி திடீரென்று பெருகினால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். வயலிலிருந்து வடிந்த உரம், சுத்திகரிக்காமல் விட்ட சாக்கடை, ஆழத்திலிருந்து மேலே வந்த சத்துநீர் என்று ஏதாவது ஒன்று. எங்கே போய்ப் பாட்டிலில் மொள்ளவேண்டும் என்பதைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கிறது. நோய் என்ன என்பதைப் பாட்டில் சொல்கிறது.

நீங்கள் செய்யலாம்

1865-ல் இத்தாலியைச் சேர்ந்த ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார், மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலிலிருந்து வெள்ளை வட்டத்தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு மறைகிறதோ, அதுதான் தண்ணீரின் தெளிவுக்கு அளவு. இன்றும் அதற்குச் செக்கி தட்டு என்றே பெயர். வேம்பநாட்டில் மாணவர்கள் இறக்கியதும் அதன் சிறிய வடிவம்தான். நீங்களும் செய்யலாம்.

ஒரு சாண் அகலமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுங்கள். நடுவில் துளை போட்டுக் கயிறு கோத்து முடிச்சிடுங்கள். அடியில் ஒரு கல்லைக் கட்டுங்கள், அப்போதுதான் தட்டு சாயாமல் நேராக இறங்கும். கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. பெரியவர் ஒருவரோடு படகுத்துறைக்கோ குளத்துப் படித்துறைக்கோ போங்கள், தனியாகப் போகவே கூடாது. நிழல் விழும் பக்கமாகத் தட்டை மெல்ல இறக்குங்கள். மறையும்போது எத்தனை முடிச்சு என்று எண்ணுங்கள். இன்னும் கொஞ்சம் இறக்கி, மேலே இழுக்கும்போது எங்கே மறுபடி தெரிகிறது என்று எண்ணுங்கள். இரண்டுக்கும் சராசரிதான் உங்கள் விடை. தேதி, நேரம், முந்தின நாள் மழை பெய்ததா, தண்ணீரின் நிறம், வாடை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஓஷன்சாட் நம் தலைக்கு மேல் போவது நண்பகல் 12 மணியை ஒட்டி. நீங்களும் அதே நேரத்தில் அளந்தால், மேலே ஒரு கண்ணும் கீழே ஒரு கண்ணும் ஒரே தண்ணீரைப் பார்த்ததாக ஆகும்.

சென்டினல்-2 எடுக்கும் படங்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் பள்ளிக் கணினி அறையில் ஆசிரியரோடு உட்கார்ந்து, உங்கள் ஊருக்கு அருகில் உள்ள முகத்துவாரத்தைத் தேடுங்கள். அடையாறோ, கொள்ளிடமோ, தாமிரபரணியோ எதுவானாலும் சரி. மே மாதப் படம் ஒன்றும், மழைக்காலத்தில் மேகம் விலகிய ஒரு நாளின் படம் ஒன்றும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழுப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது? அதில் எவ்வளவு மழை கொண்டுவந்த மண், எவ்வளவு நாம் விட்ட கழிவு? இந்தக் கேள்வியை வகுப்பில் பேசுங்கள். விடை தேட ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள்.

எந்தச் செயற்கைக்கோளும் கடலைச் சுத்தம் செய்யாது. இங்கே தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. சாக்கடையைச் சுத்திகரித்து விடச் சொல்வதும், ஆற்றில் குப்பை கொட்டாமல் தடுப்பதும், பஞ்சாயத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்பதும் கரையில் வாழ்கிற நம் வேலை. உங்கள் நோட்டில் இருக்கும் எண்களும், கணினியில் எடுத்த இரண்டு படங்களும் கையில் இருந்தால், “அது இயற்கையாக வந்த நிறம்” என்று யாரும் உங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த விடுமுறையிலேயே தட்டைச் செய்யத் தொடங்குங்கள்.